தொங்கல் கழற்றி வைத்த மாத்திரை

லிஃப்டில் ஏறுகிறவர்கள் பொத்தானை அமுக்குவார்கள், கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள், இறங்கிப் போய்விடுவார்கள். தலைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது, அதற்குள் ஒரு மோட்டார் இருக்கிறது, அதன் பக்கத்தில் முட்டி தேய உட்கார்ந்து ஒருவன் கிரீஸ் தடவிக்கொண்டிருக்கிறான் என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? லிஃப்ட் நின்றால்தான் அவன் ஞாபகம் வரும். அவன் வந்து சேர்ந்த பிறகும், ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் கேட்பார்கள்.

அப்படி இருபத்திரண்டு வருடமாகப் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தவன்தான் நம் ஆள். கம்பெனியில் அவனுக்குத் தொங்கல் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்க்கும்போது கரண்ட் போய், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டான். கீழேயிருந்து கூட்டாளி பதறிப்போய்க் கூப்பிட்டபோது, சாப்பாட்டு டப்பா தன்னிடம்தான் இருக்கிறது, அவசரமே இல்லை என்று மேலேயிருந்து பதில் வந்ததாம். அன்றைக்கு ஒட்டிய பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

லிஃப்ட் வேலை இரண்டு பேர் வேலை. ஒருவன் மொட்டை மாடியில் மெஷின் ரூமில் இருப்பான், இன்னொருவன் அடியில் குழிக்குள் இறங்குவான். தொங்கல் மேலே, கூட்டாளி கீழே. இது அவர்களுக்குள் முதல் நாளே முடிவாகிப்போன விஷயம். தொங்கலுக்கு உயரம் பிடிக்கும், கூட்டாளிக்கு உயரம் என்றால் வயிற்றைக் கலக்கும். ஒரே குறை, மேலே தொங்கலுக்கு முன்பே புறாக்கள் குடியேறியிருக்கும். ஜன்னல் கண்ணாடி உடைந்து பத்து வருடம் ஆகியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எச்சம் காய்ந்து தரையில் ஒரு சாண் கனத்துக்கு ஏறியிருக்கும். தொங்கல் துடைப்பத்தை எடுத்து சரசரவென்று பெருக்குவான். புழுதி கிளம்பி அறையே தெரியாது. மூக்கில் ஒரு துணி கட்டுவானா? மாட்டான். வாயில் பாட்டு வேறு.

நாற்பத்து நாலாவது வயதில் அவன் இளைக்க ஆரம்பித்தான். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டான். பிறகு நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளை படிந்தது. சாப்பாடு தொண்டையில் இறங்கும்போது எரிந்தது. வாய்ப்புண் என்று எண்ணி டாக்டரிடம் போனான். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். எச்.ஐ.வி. இருந்தது.

எப்படி வந்தது என்று கேட்க உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். கேட்காதீர்கள். அது அவனும் அவன் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்த கதை. நமக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. மனைவிக்கும் பரிசோதனை செய்தார்கள், அவளுக்கு இல்லை. அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் அவனோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு டம்ளர் தண்ணீரையும் மாத்திரைப் பையையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"உங்க மேல கோவம் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க மாத்திரையப் போடுங்க."

அவள் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருப்பவள். நாளொன்றுக்கு நானூறு சட்டை அவள் கையில் புரளும். பிசிறு நூல், விட்டுப்போன தையல், ஒரு நூல் தள்ளி வெட்டிய பொத்தான் ஓட்டை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பார்த்து முடித்ததும் தன் எண் அச்சிட்ட சின்னத் துண்டுச்சீட்டைச் சட்டைப் பையில் போடுவாள். அந்தச் சீட்டு விழுந்துவிட்டால் அந்தச் சட்டைக்கு அவள் பொறுப்பு.

மாத்திரை கொடுக்கும்போதே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கமாகச் சொல்லியிருந்தார். உடம்பைக் காக்கும் ரத்த அணுக்கள் ஐநூறுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் இவனுக்கு அறுபத்தொன்றுதான் இருந்தன. காவல் இவ்வளவு குறைந்தால் பூஞ்சைகளுக்குக் கொண்டாட்டம். வாயில் படிந்திருந்த வெள்ளையும் ஒரு பூஞ்சைதான். ஆனால் அது தெரியும்படி வருவது. தெரியாமல் வருகிற ஒன்று இருக்கிறது, கிரிப்டோகாக்கஸ் என்று வாயில் நுழையாத பெயர். மூச்சு வழியாக உள்ளே போய் நுரையீரலில் தங்கும், அங்கிருந்து ரத்தத்துக்கு வரும், கடைசியில் மூளைக்குப் போகும். ஒரு துளி ரத்தத்தை வைத்து ஒரு பட்டையில் பார்த்துவிடலாம். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கிறது.

இவனுக்கு இரண்டு கோடு வந்தது.

உடனே முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்து அதையும் பார்த்தார்கள். அதில் ஒரு கோடுதான். ரத்தம் வரை வந்தது மூளைக்கு இன்னும் போகவில்லை. போகவிடாமல் தடுக்கத் தனியாக மாத்திரை உண்டு. போய்விட்டால் என்ன ஆகும் என்று மனைவி கேட்டாள். டாக்டரம்மா சர்க்கரை தடவிப் பேசுகிறவர் இல்லை. தலைவலியில் ஆரம்பிக்கும், வைத்தியம் இருக்கிறது, வைத்தியம் பார்த்தும் நிறையப் பேரை இழந்திருக்கிறோம் என்றார். இந்தப் பூஞ்சை எங்கே இருக்கும் என்று தொங்கல் கேட்டான். மண்ணில் இருக்கும், மரத்தில் இருக்கும், புறா எச்சத்தில் நிறையவே இருக்கும் என்று பதில் வந்தது. தொங்கலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் இருபத்திரண்டு வருடம் செய்த வேலையை விவரித்த பிறகு டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேதான் பிடித்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஊரில் எல்லோரும் எங்கேயோ ஓரிடத்தில் இதைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனாலும் இனி அந்த அறைகளில் கால் வைக்க வேண்டாம் என்றார்.

தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் கூட்டாளியிடம் சொன்னான் தொங்கல். கூட்டாளி ஒரு கேள்வி கேட்கவில்லை. பயந்து பயந்து மொட்டை மாடிக்கு ஏறினான், தொங்கல் குழிக்குள் இறங்கினான். ஏறின முதல் வாரமே கூட்டாளி கம்பெனியில் சத்தம் போட்டு, ஜன்னல்களுக்கு வலை அடிக்க வைத்தான், எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்து அள்ள ஆள் போட வைத்தான். இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்தவனுக்குத் தோன்றாதது ஒரு வாரம் இருந்தவனுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

மாத்திரைகள் மூன்று வகை. எச்.ஐ.வி.க்கு ஒன்று, அது ஆயுசு முழுக்க. நுரையீரலைத் தாக்கும் வேறொரு பூஞ்சையைத் தடுக்க ஒன்று. மூளைக்குப் போகாமல் தடுப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை முதல் இரண்டு வாரம் தினமும் நாலு போட்டான். அடுத்த எட்டு வாரம் இரண்டு. பிறகு தினம் ஒன்று. வாய் சுத்தமாகிவிட்டது. தட்டில் இரண்டாம் தடவை சோறு வாங்கினான். பெல்ட்டில் போட்ட புது ஓட்டைகள் இரண்டும் வேண்டாதவை ஆயின. மனைவியின் கோபம் இருந்த இடத்தில் இருந்தாலும், அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் சிரிப்பும் வந்து உட்கார்ந்தது.

இங்கேதான் நம் ஆள் தன் மூளையைப் பயன்படுத்தினான். காப்பாற்றச் சொன்ன அதே மூளையைத்தான்.

லிஃப்ட்காரர்கள் கையில் ஜம்பர் என்று ஒரு வயர் இருக்கும். எல்லா மாடியிலும் கதவு சரியாக மூடியிருந்தால்தான் லிஃப்ட் நகரும். ஏதோ ஒரு கதவின் இணைப்பு கெட்டு லிஃப்ட் நின்றுவிட்டால், எந்தக் கதவு என்று கண்டுபிடிக்க இந்த வயரைத் தற்காலிகமாகக் குறுக்கே போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். கோளாறு சரியானதும் கழற்றியே ஆக வேண்டும். மறந்து விட்டுவிட்டால் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பும், ஆள் செத்துப்போவான். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. தொங்கல் தன் ஜம்பர்களுக்கு எண் போட்டிருந்தான். போட்ட நேரம், கழற்றிய நேரம் எல்லாம் எழுதுவான். இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை. அதில் அவனுக்குக் கர்வமும் உண்டு.

இந்த மூன்றாவது மாத்திரை ஒரு ஜம்பர் என்று அவனுக்குப் பட்டது. நாலு இரண்டாகிறது, இரண்டு ஒன்றாகிறது. குறைந்துகொண்டே வருவது எதுவாக இருந்தாலும் தற்காலிகம்தானே? அணுக்கள் ஏறும்வரை விடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது காதில் விழாமல் இல்லை. உடம்பு ஏறிவிட்டதே, அணுக்கள் மட்டும் ஏறாமலா இருக்கும்? லிஃப்ட் நன்றாக ஓடுகிறது, இன்னும் எதற்கு வயர்? கழற்றிவிட்டான். யாருக்கும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. ஜம்பரைக் கழற்றிவிட்டேன் என்று யாராவது தண்டோரா போடுவார்களா?

ஐந்து வாரம் போயிற்று. ஒரு புதன்கிழமை அவனுக்குத் தலை வலித்தது. புருவத்துக்குப் பின்னால், சாயங்காலமானால் அதிகமாக. வியாழனும் வலித்தது. வெள்ளியன்று தைலம் கேட்டான். மனைவி அவன் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அலமாரியில் தேடப் போனாள். தைலம் கிடைக்கவில்லை. பழைய பல்புகளுக்குப் பின்னால் ஒரு தகர டப்பா கிடைத்தது. திறந்தால் மாத்திரை அட்டைகள். மூடியின் உட்புறம், ஜம்பர் கணக்கு எழுதும் கம்பெனிச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. கழற்றியது என்ற இடத்தில் மூன்றாவது மாத்திரை என்று எழுதி, தேதி போட்டு, கீழே அவன் கையெழுத்து. சரிபார்த்தவர் என்ற இடத்திலும் அவன் கையெழுத்தே.

அவள் எண்ணினாள். முப்பத்தேழு மாத்திரை. டப்பாவைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். அவனும் வெட்கமில்லாமல் ஜம்பர் கதையை ஆதியோடந்தமாக விளக்கினான். அவள் முழுசாகக் கேட்டாள்.

"தச்சவங்களே செக் பண்ணக் கூடாதுன்னு எங்க ஃபேக்டரில ஒரு சட்டைக்கே ரூல் இருக்கு. உங்க உசுருக்கு நீங்களே தச்சு நீங்களே செக் பண்ணியிருக்கீங்க."

தலைவலியில் ஆரம்பிக்கும் என்று டாக்டரம்மா சொன்னது, நாலு மாதம் கழித்து, அப்போதுதான் சொன்னதுபோல் தொங்கலின் காதில் கேட்டது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறக்கும்போது வாசலில் இவர்கள்தான் முதல் ஆள். பேருந்தில் வரும் வழியெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா தகர டப்பாவைப் பார்த்தார், சீட்டைப் படித்தார், ஜம்பர் கதையை இடைமறிக்காமல் கேட்டார். திட்டுவார் என்று தொங்கல் எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

"வயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பாப்பீங்களா?" என்று கேட்டார்.

"பாக்காம யாராவது கழட்டுவாங்களா டாக்டரம்மா?"

"இதை எந்த மீட்டர்ல பாத்தீங்க?"

தொங்கல் தரையைப் பார்த்தான். "வீட்ல இருக்கற எடை மெஷின்ல."

நர்ஸ் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். டாக்டரம்மாவின் உதடு லேசாகத் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. அணுக்கள் எத்தனை என்று ரத்தத்தில் எண்ணிப் பார்ப்பதுதான் இதற்கு மீட்டர், அந்தப் பரிசோதனை ஆறாம் மாதம், இப்போது நாலாம் மாதம்தான் என்றார். வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா, கழுத்தை வளைக்க முடிகிறதா, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எதுவும் இல்லை. இருந்தாலும் மாத்திரையை ஐந்து வாரம் நிறுத்திய ஆளுக்குத் தலை வலித்தால் பார்க்காமல் விட முடியாது. ரத்தத்தில் பார்த்துப் பயனில்லை, அதில் பழைய இரண்டு கோடு நெடுநாள் வந்துகொண்டேதான் இருக்கும். முதுகிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கட்டிலில் ஒருக்களித்து, முழங்காலை மார்போடு அணைத்துப் படுத்தான். ஊசி இறங்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டான். ஆயுசில் முதல்முறையாக, தான் செய்த ஒரு வேலை தப்பாகியிருக்கக் கூடும் என்ற நினைப்பு அவனைப் பிடித்து ஆட்டியது. செத்துப்போவதைவிட, தன் கையெழுத்தாலேயே செத்துப்போவது அவனுக்குத் தாங்கவில்லை. மனைவி எதிரே நின்று அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் புடவையில் தொழிற்சாலைத் துணியின் கஞ்சி வாசனை இருந்தது. அந்த வாசனையை இன்னும் கொஞ்ச காலம் முகர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது.

சொட்டுச் சொட்டாக நீர் குழாயில் இறங்கியது. நர்ஸ் அதை எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போனார். பத்து நிமிடம் என்றார்கள். அவனை மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். கூரையில் விசிறிக்கு மூன்று இறக்கை. எண்ணி முடித்தான். எண்ண வேறு எதுவும் இல்லை. மனைவி எதிர் அறையின் கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்து நின்றாள். உள்ளே இருந்த ஆளின் முதுகுதான் தெரிந்தது. முதுகைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்? ஆனாலும் பார்த்தாள்.

பத்து நிமிடம் பன்னிரண்டு ஆயிற்று. டாக்டரம்மா பட்டையைக் கையோடு எடுத்து வந்தார். நீங்கள்தான் எல்லாவற்றையும் சரிபார்க்கிற ஆளாயிற்றே, பாருங்கள் என்று அவனிடமே நீட்டினார். தொங்கல் படுத்தபடி வாங்கினான். முகத்துக்கு நேரே பிடித்தான். ஒன்றும் புரியவில்லை. கையை நீட்டினான், இன்னும் நீட்டினான். கோடு கலங்கலாக, ஒன்று போலவும் இருந்தது, இரண்டு போலவும் இருந்தது. அவனுக்கு வியர்த்துவிட்டது.

மனைவி அவன் கையிலிருந்து பட்டையைப் பிடுங்கினாள். வெளிச்சத்தில் காட்டினாள், சாய்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். நாளுக்கு நானூறு சட்டை பார்க்கிற கண்.

"ஒன்னு," என்றாள். "ஒன்னே ஒன்னுதாங்க."

டாக்டரம்மா தலையாட்டினார். மூளைக்குப் போகவில்லை. அந்த நீரில் இன்னும் ஒரு பரிசோதனை இருக்கிறது, அதற்கு நாளாகும், ஆனால் பயப்படும்படி எதுவும் தெரியவில்லை என்றார். பிறகு தொங்கலின் நீட்டிய கை இன்னும் அந்தரத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக இப்படிக் கை நீட்டிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். குழிக்குள் வேலைக்குப் போனதிலிருந்தே வயர்களில் ஒட்டிய எண்களைப் படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று அவன் ஒப்புக்கொண்டான். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தால் சாயங்காலம் புருவத்துக்குப் பின்னால் வலிக்காமல் என்ன செய்யும்? கீழ்த்தளத்தில் கண் டாக்டர் இருக்கிறார், வயசு நாற்பத்து நாலு, ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மாத்திரை இன்றைக்கே மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அணுக்கள் இருநூறைத் தாண்டி, ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவையும் தாண்டியிருந்தால் நானே நிறுத்துவேன், அதுவரை அந்த டப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன் என்று தகர டப்பாவை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, டாக்டரம்மா எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் தூங்கலாமா டாக்டரம்மா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. தொங்கலுக்கும் புரியவில்லை. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தலைவலியில் ஆரம்பிக்கும் என்று கேட்ட நாளிலிருந்து, அவன் தூங்கின பிறகு மணிக்கு ஒருமுறை எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாளாம். தூக்கத்தில் முகம் சுளிக்கிறானா என்று பார்ப்பாளாம். விடிந்ததும் எழுந்து வேலைக்குப் போவாளாம். நாலு மாதம். அவன் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

தூங்குங்கள் என்றார் டாக்டரம்மா. அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் தொங்கல் நினைத்தான், திட்டட்டும் என்றும் நினைத்தான். அவள் கட்டில் ஓரத்தில் அவன் கைமேல் கன்னத்தை வைத்தாள். அவன் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே தூங்கிப்போனாள். வாய் திறந்திருந்தது, மெல்லிய குறட்டைகூட வந்தது. தன் மனைவிக்குக் குறட்டை உண்டு என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண்ணில் வழிந்த நீரைத் துடைக்க ஒரு கைதான் மிச்சம் இருந்தது, அந்தக் கையாலேயே துடைத்துக்கொண்டான்.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து, முதுகு ஊசிக்குப் படுத்திருந்தது போதும், எழுந்து போகலாம் என்றார். தொங்கல் உதட்டில் விரல் வைத்தான்.

"சிஸ்டர், இன்னும் ரெண்டு மணி நேரம் நான் படுத்தே இருக்கணும்னு சொல்லிடுங்க."

நர்ஸ் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். திரையை இழுத்து மூடிவிட்டுப் போனார். அவன் கை மரத்துப்போய் வெகு நேரம் ஆகியிருந்தது. அதை அவன் அசைக்கவில்லை.